பெஸ்ஸி ஸ்மித்தைத் தேடிப் பிடிப்பது எப்படி: காதில் தொடங்கி பிளேட்டு வரை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான ப்ளூஸைப் பாடிய பழைய காலப் பாடகி பெஸ்ஸி ஸ்மித். அவர் பெயரை எந்தப் பாட்டுச் செயலியில் தட்டினாலும் தொகுப்புகள் கொத்துக் கொத்தாக வந்து விழும். அட்டைப்படம்தான் வேறு, உள்ளே முக்கால்வாசி அதே பதினைந்து இருபது பாட்டுதான். எந்த வருஷம் பாடியது, பக்கத்தில் யார் வாசித்தது, ஒன்றும் இருக்காது. போதாததற்குச் சிலதில் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல எதிரொலி வேறு சேர்த்திருப்பார்கள். முதல் ஆறு மாசம் நான் இதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன், ஒரே பதிவை நாலு பேரில் இறக்கி வைத்து நாலும் வேறு என்று நம்பியதும் உண்டு. அதிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது எண்கள், அதாவது பிளேட்டில் (பழைய கிராமபோன் இசைத்தட்டில்) அச்சிட்ட எண்ணும் மெழுகில் கீறிய எண்ணும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா ஊர்க்காரர். பிறந்த தேதி 1894 ஏப்ரல் 15 என்று பொதுவாகச் சொல்வார்கள். ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நடத்திய ஆட்டபாட்டக் கம்பெனிகளில் மைக் இல்லாமல் பாடி வளர்ந்த தொண்டை. நம் ஊர் நாடக மேடையில் கே.பி. சுந்தராம்பாள் கடைசி வரிசை வரைக்கும் குரலை அனுப்பினாரே, அந்த ஜாதிக் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1923 பிப்ரவரியில் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனிக்கு முதல் பதிவு, 1931 நவம்பரில் அங்கே கடைசிப் பதிவு. அதன்பின் 1933 நவம்பர் 24 அன்று ஓகே கம்பெனிக்கு நான்கு பாட்டு. 1937 செப்டம்பர் 26 அன்று மிசிசிப்பியில் கார் விபத்தில் இறந்துபோனார். மொத்தம் 160 பதிவு என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு ஆயுளுக்குள் முழுக்கக் கேட்டு முடிக்கக்கூடிய கணக்கு இது, சேகரிக்க இவரைத் தேர்ந்தெடுக்க அதுவே ஒரு நல்ல காரணம்.

முதல் படி: ஒரு பாட்டு, பல தடவை

160-ஐயும் வரிசையாகக் கேட்கத் தொடங்காதீர்கள், அலுத்துவிடும். அந்தக் காலப் பதிவுக்குக் காது பழக நேரம் எடுக்கும். முதலில் கேட்பது பாட்டு இல்லை, இரைச்சல்தான். ஒரு வாரத்துக்கு ஒரே பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்: 1925 ஜனவரி 14 அன்று பதிவான ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’, கொலம்பியா 14064-டி.

இதில் மூன்றே பேர்தான். பெஸ்ஸி பாடுகிறார், ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற பித்தளைக் கருவி) ஊதுகிறார், ஃப்ரெட் லாங்ஷா வாசிப்பது ஆர்மோனியம். ஆமாம், நம் பெட்டியின் சொந்தக்காரன் முறை, காலால் மிதித்து வாசிக்கிற வகை. எடுத்த எடுப்பில் ஆர்மோனியமும் கார்னெட்டும் சேர்ந்து நீளமாக ஒரு சுரக்கூட்டைப் பிடித்து நிற்க, அது அடங்கும்போது குரல் உள்ளே வருகிறது. மாலைச் சூரியன் சாய்வதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பதுதான் முதல் வரி. ஒவ்வொரு வரி முடிந்ததும் கொஞ்சம் இடம் விடுகிறார், அந்த இடத்தில் ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்கிறார். கச்சேரியில் பாடகர் மூச்சு வாங்கும்போது வயலின் சங்கதியைத் திருப்பிக் கொடுக்குமே, கிட்டத்தட்ட அதுதான், ஆனால் இங்கே திருப்பிச் சொல்வதில்லை, எதிர்வார்த்தை. முதல் மூன்று நாள் குரலை மட்டும் கேளுங்கள். அப்புறம் கார்னெட்டை மட்டும். கடைசியாக ஆர்மோனியத்தை மட்டும். வாரக் கடைசியில் இரைச்சல் எங்கே போனது என்றே தெரியாது.

காது பழகியபின் இந்த நாலையும் இதே வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்: 1923-இன் ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ (பியானோ கிளாரன்ஸ் வில்லியம்ஸ்), 1927-இன் ‘பேக் வாட்டர் ப்ளூஸ்’ (பியானோ ஜேம்ஸ் பி. ஜான்சன், இடது கையில் வெள்ளம் உருண்டு வருவது கேட்கும்), 1929 மே 15-இன் ‘நோபடி நோஸ் யூ வென் யூ ஆர் டவுன் அண்ட் அவுட்’, 1933-இன் ‘கிம்மி எ பிக்ஃபுட்’. இந்த ஐந்துக்குள் பத்து வருஷம் இருக்கிறது. குரல் கனப்பதும், பதிவுக் கருவி மாறுவதும், சுற்றி வாசிப்பவர்கள் ப்ளூஸிலிருந்து ஸ்விங் என்கிற துள்ளல் ஜாஸ் பக்கம் நகர்வதும் தனித்தனியாகக் கேட்கும். காசு இருந்த காலம் போனபின் யாரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை என்கிற அந்த 1929 பாட்டு கடைக்கு வந்த சில வாரத்தில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது.

இரண்டாம் படி: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், மிச்சம் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

ஒவ்வொரு பிளேட்டுக்கும் இரண்டு விதமான எண் உண்டு. நடுவில் ஒட்டிய காகித லேபிளில் பெரிதாக இருப்பது விற்பனை எண், பிளேட்டின் இரண்டு பக்கத்துக்கும் அது ஒன்றே. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வழவழவென்று இருக்கிற வளையத்தில் கீறியிருப்பது மேட்ரிக்ஸ் எண், அது பதிவுக்கு ஒன்று. கூடவே சிறிய எண் இருந்தால் அது எத்தனையாவது டேக், அதாவது அந்தப் பாட்டை எத்தனையாவது முறை பாடிப் பதிந்தது என்பதைச் சொல்லும். ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பதிவின் மேட்ரிக்ஸ் 140241. அதே அமர்வில் அடுத்துப் பாடிய ‘ரெக்லெஸ் ப்ளூஸ்’ 140242. பார்த்தீர்களா, எண்ணே அன்றைக்கு எது முன், எது பின் என்று சொல்லிவிடுகிறது.

விற்பனை எண்ணிலும் கதை இருக்கிறது. முதல் பிளேட்டு ஏ3844. 1923 கடைசியில் கொலம்பியா, கறுப்பின மக்களுக்கு விற்பதற்கென்று தனி வரிசை ஒன்றைத் தொடங்கியது. ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்பது அன்றைய வியாபாரப் பெயர். அந்த வரிசை 13000-டி என்று ஆரம்பித்தது. 13007-டி வரை போனதும் பதின்மூன்று ராசியில்லாத எண் என்று யாருக்கோ உறுத்த, 14000-டி என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள் என்பார்கள். அந்த 14000-டி பெஸ்ஸியுடையதுதான். ஆக, உங்கள் கையில் இருப்பது 13000 வரிசையா, 14000 வரிசையில் முன்பகுதியா, 14600-ஐத் தொடுகிறதா என்பதிலிருந்தே வருஷத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

இன்னொரு அடையாளம் வளையத்தில் வட்டத்துக்குள் இருக்கும் டபிள்யூ எழுத்து. அது இருந்தால் மைக் வைத்து எடுத்த மின்பதிவு, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறை. இல்லாவிட்டால் பெரிய தகரக் கொம்புக்கு முன் நின்று கத்திப் பாடிய பழைய முறை. பெஸ்ஸிக்கு இந்த மாற்றம் 1925 மே மாதத்தில் வந்தது. அறை எதிரொலியைக் குறைக்க ஸ்டுடியோவுக்குள் துணியில் ஒரு கூடாரம் கட்டித் தொங்கவிட்டார்கள், பதிவு நடக்கும்போதே அது எல்லார் தலையிலும் சரிந்து விழுந்தது என்று ஒரு கதை உண்டு. கூடாரத்தில் பாடி வளர்ந்தவருக்குக் கூடாரமே சோதனை. லேபிளில் ‘விவா டோனல்’ என்று போட்டிருந்தால் அது அதற்குப் பிறகான அச்சு.

சரி, இந்த எண்களை எங்கே சரிபார்ப்பது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் அமெரிக்கப் பழைய ஒலிப்பதிவுகளின் பட்டியல் ஒன்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, சுருக்கமாக டி.ஏ.ஹெச்.ஆர். என்பார்கள். பாடகர் பெயரையோ மேட்ரிக்ஸ் எண்ணையோ போட்டால் தேதி, இடம், வாசித்தவர்கள், எந்தெந்த பிளேட்டில் வெளியானது எல்லாம் வரும். தேடும்போது தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். ‘டவுன்ஹார்ட்டட்’ ஒரு சொல்லாகவும் இரண்டு சொல்லாகவும் கிடக்கும். ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ என்ற பெயரில் 1925 பிளேட்டும் உண்டு, 1929-இல் அதே பெயரில் எடுத்த குறும்படத்தின் ஒலியும் உண்டு. தொகுப்புக்காரர்கள் இரண்டையும் குழப்புவார்கள். பின்னால் ஒரு பெரிய கூட்டமே சேர்ந்து பாடினால் அது படம், ஆர்மோனியம் கேட்டால் பிளேட்டு.

ஒரு விரிதாளைத் திறந்து இப்போதே தொடங்குங்கள்: மேட்ரிக்ஸ், டேக், தேதி, பிளேட்டு எண், மறுபக்கம், வாசித்தவர்கள், என்னிடம் எந்த வடிவில் இருக்கிறது. ஏழு பத்தி போதும். நான் முதலில் பதினாறு பத்தி வைத்தேன், இரண்டாவது வாரத்தில் நிரப்புவதையே விட்டுவிட்டேன்.

மூன்றாம் படி: எந்த மறுவெளியீடு

பழைய பிளேட்டுக்குப் போகுமுன் முழுத் தொகுப்பு ஒன்று கையில் இருக்க வேண்டும். கொலம்பியாவே மூன்று தலைமுறையாக வெளியிட்டிருக்கிறது.

1970-இலிருந்து 1972 வரை வந்த ஐந்து இரட்டை எல்.பி.க்கள் (பின்னாளில் வந்த, பக்கத்துக்குப் பல பாட்டு கொள்ளும் வினைல் தட்டுகள்), கிறிஸ் ஆல்பர்ட்சன் மேற்பார்வையில் வந்தவை. எல்.பி. கேட்பவர்களுக்கு இன்றைக்கும் இது நல்ல வழி. ஆனால் வரிசை விசித்திரம்: முதல் தொகுப்பில் ஆரம்பகாலப் பதிவும் கடைசிக்காலப் பதிவும் சேர்ந்து இருக்கும். வரிசைப்படி கேட்க நினைத்தால் பைத்தியம் பிடிக்கும். விரிதாள் கைகொடுப்பது இங்கேதான்.

1991-இலிருந்து 1996 வரை ஐந்து பகுதியாக வந்த சி.டி.க்கள் தேதிவாரியாக இருக்கும், செயலிகளிலும் பெரும்பாலும் கிடைக்கும். அந்தக் குறும்படத்தின் ஒலி ஐந்தாவது பகுதியில். 2012-இல் இதே சரக்கு பத்து சி.டி. பெட்டியாக வந்தது. முழுசாக ஒரே இடத்தில் வேண்டுமென்றால் அதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

என் காதுக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லை. இங்கிலாந்தின் ஃப்ராக் கம்பெனி, ஜான் ஆர். டி. டேவிஸ் சுத்தம் செய்த ஒலியை எட்டு சி.டி.யாகப் போட்டது. இரைச்சலை முழுக்கத் துடைத்தால் குரலின் சதையும் கூடவே போய்விடும், டேவிஸ் அதைப் புரிந்தவர். கொஞ்சம் கொரகொரப்பை விட்டுவைத்தார், மூச்சும் மிஞ்சியது. சந்தேகமிருந்தால் ‘பேக் வாட்டர் ப்ளூஸ்’ஸை இரண்டு தொகுப்பிலும் அடுத்தடுத்துப் போட்டு, வரிகளுக்கு நடுவே பியானோ தேய்ந்து அடங்கும் இடத்தைக் கேளுங்கள். அதிகமாகத் துடைத்த பதிவில் அந்த இடம் திடீரென்று செத்துப்போகும்.

பழைய எல்.பி. அட்டைகளில் ஒரு விஷயத்தை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளையர் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுத்ததால்தான் பெஸ்ஸி இறந்தார் என்ற கதை பல வருஷம் அட்டை தவறாமல் ஓடியது. விபத்து இடத்தில் இருந்த மருத்துவர் உட்பட அறிந்தவர்கள் சொன்னதை வைத்து அது பின்னால் தவறென்று தெரிந்தது. க்ளார்க்ஸ்டேலில் கறுப்பினத்தவருக்கான ஆஸ்பத்திரிக்குத்தான் அவரைக் கொண்டுபோனார்கள்.

நான்காம் படி: அசல் பிளேட்டு

சென்னை மூர் மார்க்கெட் பக்கம் போனால் பழைய தமிழ் பிளேட்டு பார்க்கலாம், பெஸ்ஸியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அவர் பிளேட்டுகள் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கென்றே அச்சாகி, 75 சென்ட் விலையில் அங்கேயே விற்றவை. ரயிலில் வேலை பார்த்த புல்மேன் போர்ட்டர்கள்கூடக் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். ஆக இணைய ஏலமும், இசைத்தட்டு விற்கும் இணையதளமான டிஸ்காக்ஸும்தான் வழி.

நிறைய விற்ற பிளேட்டு நிறைய மிஞ்சும். ஏ3844 லட்சக்கணக்கில் போனது, அதனால் அசலே சகாய விலையில் கிடைக்கும், முதல் பிளேட்டாக அதையே வாங்குங்கள். மாறாக 1930, 1931-இல் பொருளாதார மந்தம் வந்து யாரிடமும் காசில்லாதபோது குறைவாக அச்சடித்த 14600 பக்கத்து எண்களும், 1933-இன் ஓகே 8945, 8949 இரண்டும் கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏறும். இந்த ஓகே அமர்வில் ஃப்ராங்கி நியூட்டன், ஜாக் டீகார்டன், சூ பெர்ரி என்று ஜாஸ்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள், ஒரு பாட்டில் பென்னி குட்மனும் உண்டு. பெஸ்ஸிக்கு ஒரு பாட்டுக்குக் கிடைத்தது முப்பத்தேழரை டாலர். மூன்று நாள் கழித்து, பின்னால் பெரிய ஜாஸ் பாடகியான பில்லி ஹாலிடே தன் முதல் பதிவுக்கு வந்தார்.

1930களின் கடைசியிலும் 1940களிலும் வந்த மறு அச்சுகள் அசலைப் போலவே ஷெல்லாக்கிலேயே (அரக்கிலேயே) உண்டு. கேட்பதற்கு மோசமில்லை, ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள். லேபிள் படம் கேட்டு வாங்கி எண்ணைப் பாருங்கள், ஏ3844 போன்ற ஏ எண், 13000-டி அல்லது 14000-டி வரிசை எண், ஓகே 8945, 8949 இவற்றில் எதுவும் இல்லையென்றால் அசல் இல்லை.

அடுத்தது ஸ்மித் குழப்பம். மேமி ஸ்மித், க்ளாரா ஸ்மித், ட்ரிக்ஸி ஸ்மித், லாரா ஸ்மித், பெஸ்ஸி ஸ்மித், யாருக்கும் யாரும் உறவில்லை. இதில் க்ளாரா அதே கொலம்பியா, அதே 14000 வரிசை, அதே லேபிள். பெஸ்ஸி என்று தலைப்புப் போட்ட ஒரு ஏலத்தில் மங்கலான படத்தைப் பார்த்துப் பணம் கட்டினேன், வந்து சேர்ந்தது க்ளாரா. திருப்பி அனுப்பத் தபால் செலவு பிளேட்டு விலையைவிட அதிகம் என்பதால் வைத்துக்கொண்டேன், இப்போது அவரும் பிடித்துப்போய்விட்டார், அது வேறு கதை. இருவரும் சேர்ந்து பாடிய பிளேட்டும் உண்டு: 1923-இல் 13007-டி, 1925-இல் ‘மை மேன் ப்ளூஸ்’.

தரத்தைப் பற்றி விற்பவர் போடும் எழுத்துகளைக் கவனியுங்கள். எல்.பி. உலகத்து ‘விஜி’ வேறு, 78 (நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய பிளேட்டு) சேகரிப்பாளர்களின் ‘வி’ வேறு. இவர்கள் கணக்கில் இ என்றால் நல்ல நிலை, வி என்றால் தேய்ந்திருக்கிறது ஆனால் கேட்கலாம், ஜி என்றால் பாட்டுக்கு மேல் பொரியல் சத்தம். விளக்கத்தில் ‘லாமினேஷன் கிராக்’ என்றிருந்தால் பயப்பட வேண்டாம். 1923-இலிருந்து கொலம்பியா கொரகொரப்பான மையத்தின் இரு பக்கமும், காகிதத்தின் மேல் பூசிய மெல்லிய வழவழப்பான அடுக்கை ஒட்டித்தான் பிளேட்டு செய்தது, இரைச்சல் குறைய அதுவே காரணம். மேல் அடுக்கில் மட்டும் விழும் கீறல் பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. ‘ஹேர்லைன் கிராக்’ என்றால் பிளேட்டையே ஊடுருவிய விரிசல், சுற்றுக்கு ஒரு டக் சத்தம் நிச்சயம்.

பேக்கிங் பற்றி வாங்குமுன்னரே எழுதிக் கேளுங்கள். பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் அலை அட்டை, அதை ஒரு பெட்டியில் அசையாமல் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள். என் முதல் ‘எம்ப்டி பெட் ப்ளூஸ்’ ஒற்றைப் பெட்டியில் வந்தது. தூக்கும்போதே உள்ளே ஓட்டுச்சில் உருளும் சத்தம். ஐந்து துண்டு. சுங்கவரி கட்டியபின் பிரித்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஐந்தாம் படி: வந்தபின் செய்ய வேண்டியது

இந்த பிளேட்டு அரக்கு. ஷெல்லாக் என்பது அரக்கிலிருந்து எடுப்பது, உலகத்துக்கே அதைப் பெருமளவு அனுப்பியது நம் நாட்டின் சோட்டா நாக்பூர் காட்டுப்பக்கம். நியூயார்க்கில் பாடிய பாட்டு அனேகமாக இங்கே மரத்தில் பூச்சி கட்டிய அரக்கில்தான் பதிந்திருக்கிறது. அரக்கு மாளிகைக் கதை தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம்: சூடு ஆகாது. மே மாத வெயிலில் காருக்குள் வைத்தால் அப்பளம்போல வளையும். படுக்கவைத்து அடுக்காதீர்கள், செங்குத்தாக, ஒன்றையொன்று தாங்கும்படி, காகித உறையில்.

கழுவக் காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பிரஷ், சுழல் போகிற திசையில் தேய்த்து உடனே துடைத்துவிட வேண்டும். ஸ்பிரிட், ஆல்கஹால் சேர்ந்த எதுவும் கூடவே கூடாது, அரக்கைக் கரைத்துவிடும். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. விரிசல் உள்ள கொலம்பியாவை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள், அடுக்குக்குக் கீழே காகிதம் இருக்கிறது, ஊறினால் அடுக்கு எழும்பிவிடும்.

ஊசி முக்கியம். எல்.பி. ஊசியைப் போடாதீர்கள். அது 78-இன் அகலமான பள்ளத்தின் அடியில் குப்பையில் உரசிக்கொண்டு ஓடும். 0.003 அங்குல ஊசி வேண்டும், பல காட்ரிஜ்களுக்கு (ஊசியைப் பொருத்தும் பகுதி) அதைத் தனியாக விற்கிறார்கள். ஒலியை மோனோவாக இணைத்தால் இரைச்சல் பாதியாகத் தோன்றும். சாவி கொடுக்கும் கிராமபோனில் போட்டுப் பார்க்கும் ஆசை வரும், ஏ3844 போல எளிதில் கிடைக்கிறதில் மட்டும் போடுங்கள், எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

வேகம் ஒரு நுணுக்கம். 78 என்று பெயர் இருந்தாலும் கொம்பு காலத்துக் கொலம்பியா பலதும் 80-இல் சுழல வேண்டியவை. 78-இல் போட்டால் சுருதி அரை சுரத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக இறங்கும், பெஸ்ஸி களைத்துப்போனவர்போல ஒலிப்பார். வேகம் நகர்த்தும் வசதி இல்லாவிட்டால் அப்படியே ஆடாசிட்டி என்கிற கணினி ஒலிச் செயலியில் பதிந்து அங்கே மாற்றிக்கொள்ளலாம். 78-ஏ இல்லாத டர்ன்டேபிள் என்றால் 45-இல் ஓட்டிப் பதிந்து வேகத்தை ஏற்றலாம், ஒலிச்சமன் சற்றுக் கெடும், கேட்பதற்கு ஓடும். எது செய்தாலும் கை வைக்காத மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள், பெயரில் மேட்ரிக்ஸ் எண்ணோடு.

பகிர்வது பற்றி

பதிந்ததைப் பிறருக்குக் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, ஆக பெஸ்ஸி காலத்தில் வெளியான பிளேட்டுகளின் பதிவுரிமை இங்கே எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 1923-இலிருந்து 1946 வரை வெளியானதற்கு 100 ஆண்டு: 1923 பிளேட்டுகள் 2024 ஜனவரி 1 அன்றும், 1924-இன் பிளேட்டுகள் 2025-இலும், 1925-இன் பிளேட்டுகள் 2026-இலும் விடுபட்டன. ஆம்ஸ்ட்ராங் ஊதிய அந்த ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ இப்போது அங்கேயும் பொதுச்சொத்து. ஆனால் பாட்டின் வரியும் மெட்டும் வேறு உரிமை. ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ எழுதியவர்களில் ஒருவரான ஆல்பர்ட்டா ஹன்டர் 1984-இல்தான் இறந்தார், ஆக அந்த உரிமையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கொலம்பியாவுக்கு முன்னால் பிளாக் ஸ்வான், ஓகே என்ற இரண்டு கம்பெனிகளும் பெஸ்ஸியைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. அந்தச் சோதனைத் தட்டு எதுவும் இதுவரை கிடைத்ததில்லை. யாராவது 1921 பெஸ்ஸி என்று விலை சொன்னால் வளையத்தில் கீறிய எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேரிடமிருந்தும் படம் இன்னும் வரவில்லை.